மாத்திரைக்குப் பின் வரும் பசி

எத்தியோப்பிய நாட்டின் சிற்றூர் ஒன்றை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். மண்சுவர் வைத்த வட்டக் குடிசை. உள்ளே நடுக் கம்பத்தோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டு அமர்ந்திருக்கிறான் ஓர் இளைஞன். தனக்குத்தானே பேசுகிறான், யாரோ அழைப்பதுபோல் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறான். அவனருகே உணவுத் தட்டுடன் அவனுடைய தாய். சங்கிலியைப் பூட்டியவளும் அவளே. கல்நெஞ்சம் படைத்தவள் என்று அவளைத் தூற்றிவிடாதீர்கள். அவிழ்த்துவிட்டால் மகன் இரவோடு இரவாக ஓடிவிடுவான். அல்லது அயலார் கையில் அடிபட்டுச் சாவான். அவன் உயிரைக் காக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாகாதா என்று கேட்பீர்கள். எந்த மருத்துவரிடம்? 2003ஆம் ஆண்டில் எத்தியோப்பியாவின் மக்கள் தொகை ஏழு கோடிக்கு மேல். அந்நாட்டில் இருந்த மனநோய் மருத்துவர்களோ 11 பேர்! அறுபது இலட்சம் மக்களுக்கு மேல் ஒரு மருத்துவர் என்பது கணக்கு. அந்தப் பதினொருவருள்ளும் பெரும்பாலோர் தலைநகராகிய அடிஸ் அபாபாவில் இருந்தனர். இத்தாலியர் ஆட்சிக் காலத்தில் தோன்றிய அமானுவேல் மருத்துவமனையே நெடுங்காலம் நாடு முழுமைக்கும் ஒரே மனநோய் மருத்துவமனையாக விளங்கியது.

இவ்வறுமையை நீக்க இரு நாட்டு மருத்துவ ஆசிரியர்கள் கைகோத்த வரலாறு ஒன்றுண்டு. நோயாளியைக் குடும்பத்தில் வைத்துப் பேணும் நம்மனோர்க்கு அதில் கற்பதற்குப் பல உள.

மருந்துக்குப் பஞ்சமில்லை

மனநோய்க்கு மருந்தே இல்லை என்றிருந்த காலம் மாறி எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், லித்தியம் என்னும் எளிய உப்பு அளவுகடந்த மனக்கிளர்ச்சியை அடக்கக் கண்டார். 1952இல் பாரிஸ் நகரத்து சேன்ட் ஆன் மருத்துவமனையில் ழான் டிலே, பியேர் டெனிக்கர் என்னும் இருவர், குளோர்புரோமசின் என்ற மருந்தால் மனச்சிதைவு நோயாளர் தெளிவடைவதை உலகிற்கு அறிவித்தனர். 1957இல் சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் கூன், இமிப்ரமின் மனச்சோர்வைத் தணிப்பதை எடுத்துரைத்தார். 1958இல் பெல்ஜியத்தில் பால் ஜான்சனின் ஆய்வுக்கூடம் ஹாலோபெரிடால் என்னும் மருந்தை ஆக்கித் தந்தது.

உலக நலவாழ்வு நிறுவனம் 1977இல் முதன்முறையாக இன்றியமையா மருந்துகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. ஏறத்தாழ 200 மருந்துகளே அடங்கிய அச்சிறு பட்டியலில் குளோர்புரோமசின், ஹாலோபெரிடால், லித்தியம் ஆகியவை இடம்பெற்றன. இவை விலை குறைந்தவை. ஏழை நாடுகளும் வாங்கத்தக்கவை.

ஆயினும் மாத்திரை தானாக நடந்து நோயாளியின் வாயை அடைவதில்லை. அதனை அறிந்து எழுதிக் கொடுக்க ஒரு கை வேண்டும். விளைவைப் பார்த்து அளவைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கண் வேண்டும். எத்தியோப்பியாவின் பூட்டாஜிரா வட்டாரத்தில் 1990களின் இறுதியில் ஏறத்தாழ 68,000 பேரை வீடு வீடாகச் சென்று விசாரித்து ஓர் ஆய்வு நடத்தினர். அங்கே கண்டறியப்பட்ட மனச்சிதைவு நோயாளருள் மிகப் பெரும்பாலோர் ஒருநாளேனும் மருத்துவம் பெற்றவர் அல்லர். பாரிஸில் மருந்து பிறந்து நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் நிலை இதுவே!

சென்றவர் திரும்பவில்லை

மருத்துவர்களை உருவாக்க எத்தியோப்பியா முயலாமல் இல்லை. சிறந்த இளம் மருத்துவர்களைத் தேர்ந்து வெளிநாடுகளுக்கு மேற்படிப்புக்கு அனுப்பிக்கொண்டேதான் இருந்தது. முப்பது ஆண்டுகளில் இவ்வாறு சென்றவர் பல்வேறு துறைகளிலுமாக நூற்றுக்கணக்கானோர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தாயகம் திரும்பவேயில்லை.

அவர்களை மட்டும் குறைகூறுவது நீதியாகாது. நல்ல ஊதியமும் நவீனக் கருவிகளும் பிள்ளைகளுக்கு உயர்ந்த பள்ளிகளும் கிடைத்த இடத்தில் மனிதன் வேரூன்றிவிடுகிறான். நம் குடும்பங்களிலிருந்து கடல்கடந்து சென்ற பிள்ளைகளை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். ஆனால் ஏழை நாடு தன் செல்வத்தைக் கொட்டிப் படிக்கவைத்த மருத்துவன் செல்வ நாட்டுக்குத் தொண்டு செய்கிறான் என்றால், பிச்சைக்காரன் தன் கலத்துச் சோற்றைச் செல்வந்தனுக்கு இட்ட கதையாக அன்றோ முடிகிறது!

இன்னொரு குறையும் உண்டு. வெளிநாட்டில் மருந்தெழுதக் கற்றவர், அந்நாட்டு நோயாளிக்கு, அந்நாட்டு மருந்துக்கடையை நம்பி எழுதவே கற்கிறார். தாயகத்தின் மலைச்சரிவில் வாழும் உழவனுக்கு எழுத அங்கே அவருக்கு யார் கற்பிப்பார்?

ஆசிரியர் வந்தனர்

எனவே 2003இல் அடிஸ் அபாபா பல்கலைக்கழகம் ஒரு புதிய முடிவுக்கு வந்தது. மாணவரை ஆசிரியரிடம் அனுப்புவதை விடுத்து ஆசிரியரை மாணவரிடம் வரவழைப்போம் என்று கருதி, கனடா நாட்டின் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் துணையை நாடியது. எத்தியோப்பியாவின் முதல் மனநோய் மருத்துவ மேற்படிப்பு, முற்றிலும் எத்தியோப்பிய மண்ணிலேயே தொடங்கிற்று. எத்தியோப்பியப் பேராசிரியர்கள் அட்டலாய் அலெம், மெஸ்ஃபின் அராயா, டொராண்டோவின் மருத்துவர் கிளேர் பெயின் முதலியோர் இதற்கு வித்திட்டவர்கள்.

ஏற்பாடு எளிமையானது. மூன்றாண்டுப் படிப்பு. ஆண்டுக்கு மும்முறை டொராண்டோவிலிருந்து ஒரு சிறு குழு வரும். அனுபவம் மிக்க ஆசிரியர் இருவர், மேற்படிப்பின் இறுதிக்கட்டத்தில் உள்ள இளம் மருத்துவர் ஒருவர் என மூவர். ஒரு மாதம் தங்குவர். வகுப்பறையில் பாடம் நடத்துவர். பின்னர் மாணவருடன் நோயாளிகளின் அருகே அமர்வர். எதைக் கற்பிக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர்கள் எத்தியோப்பியர்களே. விருந்தினர் தம் விருப்பப்படி பாடத்திட்டம் வகுத்துத் தருவதில்லை.

வந்தவர்கள் அறிவை அள்ளி வழங்கும் வள்ளல்களாக மட்டும் இருக்க இயலவில்லை. நோயாளி அம்ஹாரிக் மொழியில் பேசுகிறார். மாணவரே ஆசிரியருக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறார். தீய ஆவி, கண்ணேறு, தீர்த்தம், நோன்பு என்ற சொற்களின் முழுப்பொருளை விளக்கவும் மாணவரே வேண்டும். இவ்வாறு ஒரே கட்டிலருகே ஆசிரியர் மாணவராகவும் மாணவர் ஆசிரியராகவும் மாறினர்.

பயன் என்ன? 2003இல் 11ஆக இருந்த மனநோய் மருத்துவர் தொகை 2009இல் 34ஆக உயர்ந்தது. ஆறே ஆண்டுகளில் மும்மடங்கு! இம்முறையின் பயனைக் கண்டு, இரு பல்கலைக்கழகங்களும் பின்னர் மருத்துவத்தின் பிற துறைகளுக்கும் இதனை விரிவுபடுத்தின.

மருந்தெழுதும் கலை

மருந்தெழுதுவதற்குக் கற்க என்ன இருக்கிறது, புத்தகத்தைப் பார்த்து அளவைக் குறித்தால் போதாதா என்று சிலர் நினைக்கலாம். சில எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள்.

ஹாலோபெரிடால் உட்கொண்ட சிலருக்கு, முதல் சில நாள்களில் கழுத்து ஒருபுறமாக முறுக்கிக்கொள்ளும். கருவிழிகள் மேலே செருகும். நாக்கு வெளியே தள்ளும். வீட்டார் நடுங்கிப்போவர். மருந்தைக் கண்டு பேய் சீறுகிறது என்று கருதுவர். மருத்துவரிடம் மறுபடி செல்லவே மாட்டார்கள். உண்மையில் அது மருந்தின் பக்கவிளைவு. தகுந்த மாற்றுமருந்தை ஊசியாகச் செலுத்தினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் அகன்றுவிடும். இதனை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்காத மருத்துவர், நல்ல மருந்தை எழுதியும் நோயாளியை இழந்துவிடுகிறார்.

தொலைதூரத்திலிருந்து நடந்து வருபவருக்கு நாள்தோறும் உண்ணும் மாத்திரையைக் காட்டிலும், இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஃபுளுபெனசின் ஊசி ஏற்றதாகலாம். ஆனால் உடலில் நெடுநாள் தங்கும் மருந்து என்பதால், தொல்லை தந்தாலும் உடனே அகற்ற இயலாது. ஆகவே முதலில் சிறிய அளவில் கொடுத்துப் பார்க்கும் பொறுமை வேண்டும்.

லித்தியமோ இருபுறமும் கூரான கத்தி. பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. இரத்தத்தைச் சோதித்தே தரவேண்டும். உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் லித்தியம் மிகும். எத்தியோப்பியக் கிறிஸ்தவரோ ஆண்டில் ஏறத்தாழ பாதி நாள்கள் நோன்பிருப்பவர்கள். நோன்பு நாள்களில் பிற்பகல் வரை தண்ணீரும் அருந்தாதவர் பலர். அவர்களிடம் நோன்பைப் பற்றிக் கேளாமல் லித்தியம் எழுதலாமா? டொராண்டோவின் பாடநூல் இக்கேள்வியை முன்வைத்து எழுதப்பட்டதன்று. அடிஸ் அபாபாவின் வகுப்பறையில் அது தவிர்க்க முடியாத கேள்வி.

பசி என்னும் பக்கவிளைவு

பூட்டாஜிரா வட்டாரத்தில், மனச்சிதைவு நோயாளர் ஏன் மருந்தை நிறுத்திவிடுகின்றனர் என்பதை ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. நோயாளரிடமும் வீட்டாரிடமும் நலப்பணியாளரிடமும் அமர்ந்து பேசி அறிந்தவை அதில் தொகுக்கப்பட்டன. அறியாமை, மூடநம்பிக்கை, மறதி என்ற வழக்கமான விடைகளையே நாம் எதிர்பார்ப்போம். ஆனால் முதன்மையாக வந்த விடை வேறு: பசி!

ஆம். மனநோய் மருந்துகளுள் பல, பசியை மிகுதியாகத் தூண்டுவன. செல்வ நாட்டில் இதனால் உடல் பருக்கும். மருத்துவர் உணவைக் குறைக்கச் சொல்வார். பூட்டாஜிராவின் ஏழை உழவன் வீட்டிலோ நிலை வேறு. ஒருவேளை உணவே அரிதான குடும்பத்தில், மாத்திரை உண்டவனுக்கு இருமடங்கு பசி எடுக்கிறது. தட்டில் இஞ்சேரா அப்பம் இல்லை. பசி தாளாமல் அவன் மாத்திரையை விட்டுவிடுகிறான். சில வாரங்களில் மீண்டும் குரல்கள் கேட்கின்றன, மீண்டும் சங்கிலி.

இந்தத் தாயிடம் ஒரு மருத்துவர் என்ன கேட்க வேண்டும்? “மாத்திரையை ஒழுங்காகக் கொடுத்தீர்களா, அம்மா?” என்று மட்டும் கேட்டால் அவள் தலைகுனிந்து நிற்பாள். “வீட்டில் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள், அம்மா?” என்று கேட்டால் அப்போதுதான் உண்மை வெளிவரும். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க ஒரு மருத்துவர் அந்த மண்ணில் நின்று கற்றிருக்க வேண்டும். அயல்நாட்டு அறிவும் உள்நாட்டு அறிவும் ஒரே கட்டிலருகே கூடவேண்டும் என்பதன் காரணம் இதுவே.

தீர்த்தமும் மாத்திரையும்

எத்தியோப்பியத் திருச்சபை மிகத் தொன்மையானது. அதன் மக்கள் தீர்த்தத்தின்பால் ஆழ்ந்த பற்றுடையவர்கள். மனநோயாளரைத் தீர்த்தத் தலங்களுக்கு அழைத்துச் சென்று, மாதக்கணக்கில் அங்கேயே தங்கவைப்பது வழக்கம். தீர்த்தத்தோடு மருந்தையும் சேர்த்தால் விசுவாசக் குறைவு என்று எண்ணி மருந்தை நிறுத்திவிடுவோரும் பலர்.

இப்பழக்கத்தை எள்ளி நகையாடும் மருத்துவரிடம் மக்கள் வரமாட்டார்கள். இதனை உணர்ந்த அடிஸ் அபாபாவின் மனநோய் மருத்துவர்கள் வேறு வழியை மேற்கொண்டனர். தலைநகருக்கு மேலே எண்டோட்டோ மலையில் மரியன்னை பெயரால் வழங்கும் தீர்த்தத் தலத்தின் குருக்களோடு நட்புறவு கொண்டனர். குருவானவர் செபித்துத் தீர்த்தம் தெளிக்கிறார். தேவையெனக் கண்டால் மருத்துவரிடமும் அனுப்புகிறார். மருத்துவர் மருந்து தருகிறார். செபத்தை விடுமாறு சொல்வதில்லை. இதற்கு முன்னரே, 2007இல், அத்திருச்சபையின் முதுபெருந்தந்தை அபுன பவுலோஸ், எய்ட்ஸ் நோயாளர் தீர்த்தத்தோடு மருந்தையும் உட்கொள்ளலாம் என வெளிப்படையாக அறிவுறுத்தியிருந்தார்.

நமக்கும் இதில் பாடமுண்டு. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், நம் மாநிலத்தின் ஏர்வாடியில், காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீக்கிரையானதை மறக்க முடியுமா? அதன்பின் அங்கே வழிபாட்டோடு மருத்துவத்தையும் இணைத்துத் தரும் ஏற்பாடு உண்டாயிற்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடைசெய்கிறது. நம் திருத்தலங்களுக்கும் இத்தகைய நோயாளர் அழைத்து வரப்படுகின்றனர் என்பதை நாம் அறிவோம். அவர்களுக்காகச் செபிப்பது நம் கடமை. அவர்கள் கையிலிருந்து மாத்திரையைப் பிடுங்குவது பாவம்.

ஊர்ப்புறத்திற்கு யார் போவது?

மருத்துவர் 34 பேர் ஆனால் போதுமா? கோடிக்கணக்கான மக்களுக்கு அது கடலில் கரைத்த பெருங்காயம். எத்தியோப்பியர்கள் இதையும் அறிந்தே இருந்தனர். 1980களிலேயே உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையுடன் அமானுவேல் மருத்துவமனையில் மனநோய்ச் செவிலியரைப் பயிற்றத் தொடங்கியிருந்தனர். 2008இல் அந்நிறுவனம், மனநோய் மருத்துவத்தைச் சாதாரண நலநிலையங்களுக்கும் கொண்டுசெல்லும் உலகளாவிய திட்டமொன்றை அறிவித்தது. அதற்கான வழிகாட்டி நூல் 2010இல் வெளிவந்தது. எந்த அறிகுறிக்கு எந்த மருந்து, எவ்வளவில் தொடங்குவது, எப்போது மேல்மருத்துவரிடம் அனுப்புவது என்பவற்றைப் படிப்படியாகச் சொல்வது அந்நூல். அதனை முதலில் நடைமுறைப்படுத்திப் பார்த்த நாடுகளுள் எத்தியோப்பியாவும் ஒன்று.

இவ்வாறு பயின்ற ஊர்ப்புற நலப்பணியாளரிடம் கடுமையான மனநோயாளரை ஒப்படைக்கலாமா? அடிஸ் அபாபா பல்கலைக்கழகமும் இலண்டன் கிங்ஸ் கல்லூரியும் இணைந்து இதனைச் சோதித்தறிந்தன. நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மனநோய்ச் செவிலியரிடமும், மறு பிரிவினரை மேற்பார்வையோடு பணிசெய்யும் ஊர்ப்புற நலப்பணியாளரிடமும் விட்டுப் பார்த்தனர். இரண்டாம் பிரிவினரின் நலம் முதற்பிரிவினரை விடத் தாழ்ந்துவிடவில்லை என்பதே 2022இல் வெளியான முடிவு. பெருமருத்துவர் கற்றதைச் சிறு நலநிலையத்தின் பணியாளரும் கற்க முடியும். ஆனால் பயிற்சி முடிந்ததும் அவரைத் தனியே விட்டுவிடலாகாது. அருகிருந்து கேட்டறிய ஒருவர் வேண்டும். நலநிலையத்தின் அலமாரியில் மருந்து தீர்ந்துபோகாமலும் இருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போ

அன்பு வாசகர்களே! நற்செய்தியில் கல்லறைகளிடையே வாழ்ந்த அந்த மனிதனை நினைத்துப் பாருங்கள். அவனையும் சங்கிலியால் கட்டித்தான் பார்த்தார்கள். இயேசு பெருமான் நலமளித்தபின் அவன் ஆடை அணிந்து, தெளிந்த அறிவோடு அமர்ந்திருந்தான். அவரோடு வந்துவிட வேண்டும் என்பதே அவன் விருப்பம். அவரோ அவனை அவன் வீட்டுக்கும் உறவினரிடத்திற்கும் திருப்பி அனுப்பினார்.

நலமடைந்தவன் தன் இல்லத்தில் வாழவேண்டும். கற்றவன் தன் மக்களிடையே தொண்டாற்ற வேண்டும். இருபெரும் பல்கலைக்கழகங்கள் கடல்கடந்து கைகோத்ததன் நோக்கமும் ஏறக்குறைய இதுவே. இது முழுவதும் நிறைவேறிவிட்டதா? இல்லை. இன்னும் எத்தனையோ குடிசைகளில் சங்கிலி கிடக்கிறது. ஆனால் சங்கிலியை அவிழ்க்கும் வழி அறிந்தவர்கள் இன்று அந்நாட்டிலேயே உருவாகிறார்கள்.

நம் பங்குக் குடும்பங்களிலும் மனநோயால் வாடுவோர் உண்டு. அயலார்க்கு அஞ்சி அவர்களை மறைக்காதீர்கள். மாத்திரையால் கை நடுங்கினாலும், தூக்கம் மிகுந்தாலும், கழுத்து இழுத்தாலும் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். அது அவர் அறியவேண்டிய செய்தி. நோய் தணிந்துவிட்டதென்று அவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தாதீர்கள். அடுத்த வீட்டில் அத்தகைய நோயாளி ஒருவர் இருந்தால், அவருக்காகச் சொல்லும் செபத்தோடு ஒரு தூக்குச் சோறும் கொண்டு செல்லுங்கள். மாத்திரைக்குப் பின் வரும் பசியை ஆற்ற மருந்துச் சீட்டில் இடமில்லை. அந்த இடம் நம்முடையது.